இடது கையால் கொடுத்த தேநீர்

பொசன் போயா என்கிற ஆனிப் பௌர்ணமிக்கு அடுத்து வந்த வியாழக்கிழமை, என்னை அளப்பதற்காகக் கண்டியிலிருந்து ஒரு மிஸ் மாத்தளைக்கு வந்தார். சட்டை தைக்க எடுக்கும் அளவல்ல அது. எனக்கு யாரிடம் ஒட்டுதல் இருக்கிறது, அது எப்படிப்பட்டது என்று பார்த்து நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது அவர் வேலை. அதற்குப் பிணைப்பு மதிப்பீடு என்று பெயர். எனக்கு அப்போது பதினைந்து வயது.

ஒரு பக்கம் என் அத்தை, அப்பாவின் அக்கா. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், என்னை வளர்த்தவள். இன்னொரு பக்கம் மாத்தளை டவுனுக்கு வெளியே செத்தல் மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில் வைத்திருந்த ஒரு தம்பதி. நீதிமன்றம் என்னை அவர்களிடம் தற்காலிகமாக ஒப்படைத்து மூன்று வருடம் ஆகப் போயிருந்தது. அந்த மூன்று வருடமும் நான் இருக்கிறேனா செத்தேனா என்று எட்டிப் பார்க்காத அத்தை, இப்போது பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லி மனுப் போட்டிருந்தாள். கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் பெண்பிள்ளை கேட்டிருந்தார்கள் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். நீதவானுக்குத் தெரியாது. அவர் மிஸ்ஸின் அறிக்கையை எதிர்பார்த்திருந்தார். அதில் என்ன எழுதப்படுகிறதோ அந்தப் பக்கம்தான் நான் போவேன்.

எனக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். அம்மா இருந்தவரை அதை யாரும் ஒரு குற்றமாகப் பேசியதில்லை. அம்மா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். ஒப்பந்தம் முடிந்தும் வரவில்லை. அப்பா கொழும்புப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். நான் அத்தை வீட்டுக்கு வந்தேன். அத்தை வீட்டில் சாப்பாட்டையோ தேத்தண்ணியையோ பெரியவர்களுக்கு இடது கையால் நீட்டினால் அது அவர்கள் முகத்தில் துப்புவதற்குச் சமம். பல வீடுகளில் அப்படித்தான் நினைப்பார்கள். அதட்டுவார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். அத்தை விரல்களைப் பின்னால் வளைப்பாள். என் மணிக்கட்டைப் பிடித்து, நான்கு விரலையும் சேர்த்து, புறங்கையைத் தொடவைக்கப் பார்ப்பதுபோல வளைப்பாள். அப்போது அவள் முகத்தில் கோபமே இருக்காது. அந்த முகத்தை நான் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் காட்டுவேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒரு மழைநாளில், அவள் அடுப்பில் கிடந்த கரண்டியை எடுத்து என் இடது புறங்கையில் வைத்தாள். காயம் காயும்வரை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. போன அன்றே வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டார். அப்படித்தான் விஷயம் பொலிஸுக்குப் போனது.

பொலிஸில் எழுதிக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர்தான். எனக்குச் சாப்பிட ஒரு பனிஸ்கூட வாங்கித் தந்தார்.

“எப்ப சுட்டாங்க?” என்று கேட்டார்.

“தெரியல்ல சேர். மழ பேஞ்சிச்சு.”

“மழ எல்லா நாளும்தான் பேயுது. திகதி சொல்லுங்க புள்ள. திகதி தெரியாம எப்படி எழுதுறது?”

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்: “அவளா போயி அடுப்புல கைய வச்சிட்டா சேர். தாயில்லாத புள்ள, கவனம் பத்தாது. அதான் நாளும் தெரியல்ல.” அவர் அப்படியே எழுதிக்கொண்டார். டீச்சர் விடாமல் நின்றதால்தான் நான் மில் வீட்டுக்கு வந்தேன். ஆனால் காகிதத்தில் நான் கவனம் பத்தாமல் கையைச் சுட்டுக்கொண்ட பிள்ளை.

திகதி விஷயத்தில் நான் இன்று பிடிக்கும் பிடிவாதம் அன்று தொடங்கியது. எது எந்தக் கிழமை, எந்தப் போயாவுக்கு முன்னால், எந்தத் திருவிழாவுக்குப் பின்னால் என்று எல்லாவற்றையும் மனதில் முளை அடித்து வைப்பேன். மில்லின் பெல்ட் அறுந்தது எந்த நாள், நாவுலவில் லொறி நின்றுபோனது எந்த நாள் என்று கேட்டால் இன்றும் சொல்வேன். நடமாடும் கலண்டர் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். திகதி இல்லாதவள் சொல்வதை யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இனி ஒருநாள் யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்க வேண்டும், அவளிடம் இருக்கக் கூடாது. அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

மில்லுக்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். நான் வந்த முதல் வாரம் முழுக்க மிளகாய்த்தூளுக்குத் தும்மினேன். அவர் தும்முவதே இல்லை. அவருடைய கணவரை அண்ணன் என்பேன். கலேவெலப் பக்கம் மிளகாய் எடுத்துக்கொண்டு, தம்புள்ளைச் சந்தையில் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, லொறியோடு வருவார், போவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என்னைத் தங்கள் பிள்ளை என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதுமில்லை. அதற்காக நான் நன்றியோடு இருந்தேன்.

முதல் நாள் வலது கையால் தேத்தண்ணி வாங்கப் போய்ப் பாதியைச் சிந்தினேன். அடிக்கு ஆயத்தமாகத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அக்கா துணியை எடுத்துத் துடைத்தார். சில நாள் கழித்து, யாரும் இல்லை என்று நினைத்து இடது கையால் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். நான் சட்டென்று கையை மாற்றினேன்.

“எந்தக் கை வசதியோ அந்தக் கையால திருவு புள்ள,” என்றார். “தேங்காய்க்கு என்னா தெரியப்போவுது.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் இடது கைக்காரிதான். அதோடு வாய்க்காரியும் ஆனேன். கதவை அடித்துச் சாத்துவேன். சாப்பாடு வேண்டாம் என்பேன். எங்கே போனாய் என்று கேட்டால், “நீங்க யாரு என்னைய கேக்க?” என்பேன்.

“நானா? கொச்சிக்காத்தூள் அரைக்கிறவ. சாப்பிட வா,” என்பார்.

இதெல்லாம் பின்னால் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை, டவுனில் ஓர் அலுவலகத்தின் பின்னறையில் மிஸ் உட்கார்ந்திருந்தார். மெலிந்தவர், யோசித்து யோசித்துப் பேசுபவர். முதலில் அத்தையை உள்ளே அழைத்தார்கள். கோயிலுக்குப் போகும் சேலையில் வந்திருந்தாள், கையில் ஒரு கேக் பெட்டி. மூன்று வருடத்துக்குப் பிறகு அவளை அப்போதுதான் பார்க்கிறேன்.

என் உடம்பு எனக்கு முன்னால் எழுந்தது. எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. குனிந்து காலைத் தொட்டேன். சிரித்தேன். பியூன் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை வலது கையால், இடது கையை முழங்கையில் தாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றேன். உட்காரு என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். ஏதாவது வரையுங்கள் என்று மிஸ் பென்சில் தந்தார். வலது கையால் வரைந்தேன். கோணல்மாணலாக ஒரு வீடு வந்தது.

“எங்கண்ணு எப்படி வளந்திருச்சு பாருங்க மிஸ்,” என்று அத்தை அழுதாள். “அந்த வீட்டுல என்னா திங்கக் குடுக்கிறாங்களோ, கை காலெல்லாம் குச்சியா இருக்கு.”

நான் அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டேன். அதையும் செய்தேன்.

பிறகு அக்காவின் முறை. மில்லை மூடிவிட்டு அப்படியே ஓடிவந்திருந்தார், புருவத்தில் மஞ்சள்தூள். அவர் உள்ளே வந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வரும்போது எனக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத ஒரு கொப்பி வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார், மறந்துவிட்டார்.

“வாங்கினீங்களா?”

“இல்லடி, பஸ் புடிக்கிற அவசரத்துல...”

“உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருக்கு. மொளகாயத் தவிர.”

“சரி, போற வழியில வாங்குவோம்.”

“ஒண்ணும் வேணாம்.”

மிஸ் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நானும் மிஸ்ஸும் தனியாக. படங்களைக் காட்டினார். ஒரு பிள்ளை பையோடு பஸ்ஸில் ஏறுகிறது, வீட்டார் கையசைக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? “சந்தோஷமா இருக்கும் மிஸ்.” ஒரு பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடக்கிறது. “அதுவும் சந்தோஷமா இருக்கும்.” அத்தையைப் பற்றிச் சில சொற்கள் சொல்லுங்கள் என்றார். பாசம், நல்லவங்க, அன்பு, அக்கறை என்று அடுக்கினேன். அக்கறைக்கு ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றபோது, “ஞாபகம் இல்ல மிஸ்,” என்றேன். பாசத்துக்கும் ஞாபகம் இல்லை. அன்புக்கும் இல்லை. அக்காவைப் பற்றிக் கேட்டார். கத்துவாங்க, மறந்துபோவாங்க, ஒரே தூள் வாசம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் சம்பவம் என்னிடம் கொட்டிக்கிடந்தது, கிழமையோடு சொன்னேன்.

பிற்பாடு இதைப் பற்றி நூலகங்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அடிபட்ட பிள்ளை அடித்தவரிடம்தான் மிக அழகாக நடந்துகொள்ளும். அவர் முகம் மாறுவதற்கு முன்னால் அவருக்கு வேண்டியதைச் செய்துவிடும். புகழ்ச்சி பெரிதாகவும் அதற்குச் சம்பவம் ஒன்றுமில்லாமலும் இருந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் மிஸ்ஸும் படித்துத்தான் இருப்பார். ஆனால் தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி காலைத் தொட்டுக் கும்பிட்டு, முழங்கையைத் தாங்கித் தேத்தண்ணி கொடுத்தால், அதைப் பயம் என்று எங்கள் ஆட்களில் யார்தான் சொல்வார்கள்? மரியாதை என்பார்கள். நல்ல வளர்ப்பு என்பார்கள். அது அவர் புத்தகத்தில் இருந்த பிழையல்ல. நம்முடைய கண்ணில் இருக்கும் பிழை.

அடுத்த திங்கட்கிழமை, நீதிமன்றத்துக்காக என் விஷயத்தைக் கவனித்த நன்னடத்தை உத்தியோகத்தர் மில்லுக்கு வந்தார். அண்ணன் அன்று வீட்டில் இருந்தார். நான் மில்லின் பின்புறம், சாக்குகளுக்கு நடுவில் நின்று கேட்டேன்.

“அத்தையோட நல்ல பிணைப்பு இருக்கிற மாதிரித்தான் மிஸ் சொல்றாங்க. உங்ககிட்ட புள்ளைக்கு ஒரே கோபம். இன்னொரு தடவ பாப்பாங்க. அதோட முடிவுதான்.”

“மூணு வருஷமா சோறு போட்டவங்களுக்கு இதுதானா சேர்?” என்றார் அண்ணன்.

“சோறு போட்டத யாரும் இல்லன்னு சொல்லல்ல.”

 உத்தியோகத்தர் போய், நான் வெளியே வந்ததும், அக்கா மிளகாய்ச் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “உனக்குப் போவணும்னு இருந்தா சொல்லிரு புள்ள. நான் மறிக்க மாட்டேன்.”

அவரும் நம்பிவிட்டார். அதுதான் என்னை எரித்தது. அத்தை என் கையைச் சுட்டாள், பொலிஸில் பொய் சொன்னாள். இப்போது ஒரு கேக் பெட்டியோடு வந்து, அக்காவின் மனதிலிருந்தும் என்னை எடுத்துவிட்டாள்.

“போறேன்னு யாரு சொன்னா?” என்று கத்தினேன்.

“பின்ன ஏன்டி அவ கால்ல விழுந்த? கண்ணத் தொடச்சி விட்டியாமே.”

 அவளைக் கண்டதும் என் உடம்பு என்னுடையதாக இருப்பதில்லை என்று சொல்ல எனக்கு அப்போது சொற்கள் இல்லை. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்தேன்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். அவள் சுட்டாள் என்று மறுபடி சொல்லலாம். எப்போது என்பார்கள். திகதி இல்லை. அவள் அழுவாள். ஆக, சொல்லிப் பயனில்லை. அவளே செய்ய வேண்டும். அவர்கள் கண் முன்னால், கோயில் சேலையோடு, அந்தக் கோபமில்லாத முகத்தோடு செய்ய வேண்டும். எனக்கு மில் வீட்டில் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மட்டும்தான் அப்படிச் செய்தேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவள் பிடிபடும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதை நினைத்தபோதுதான் அன்று எனக்குப் பசி எடுத்தது. எழுந்துபோய் இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். அக்கா சம்பலை நகர்த்தி வைத்தார்.

இரண்டாவது சந்திப்பு ஆடி அமாவாசைக்கு முந்திய வாரம், அதுவும் வியாழக்கிழமை. அதே பின்னறை. இந்தத் தடவை கேக் இல்லை, அப்பிள் பழம். மிஸ் ஒரு பக்கமாகவும் நன்னடத்தை உத்தியோகத்தர் கதவருகிலும் இருந்தார்கள். பியூன் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அத்தை வந்ததும் என் உடம்பு மறுபடி எழுந்தது. அதை நான் தடுக்கவில்லை. குனிந்து காலைத் தொட்டேன். அவள் உட்கார்ந்ததும் தட்டிலிருந்து கோப்பையை எடுத்தேன். இடது கையால் எடுத்தேன். இடது கையாலேயே அவள் முன்னால் நீட்டினேன். புறங்கையில் அந்தத் தழும்பு அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

அத்தை சிரித்தாள். “வலது கையால குடு கண்ணு.”

நான் நீட்டியபடியே நின்றேன்.  பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடு அப்படி நிற்பதில் ஒரு ருசியும் இருந்தது.

“அந்த வீட்டுல பழக்கவழக்கம் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல்ல போல,” என்று மிஸ்ஸிடம் திரும்பிச் சொன்னாள். பிறகு என்னிடம், குரலை இறக்கி, “கைய மாத்து.”

“தேத்தண்ணி ஆறுது அத்தே. எடுங்க.”

அவள் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் கோபமே இல்லை. நான் எதிர்பார்த்த முகம் வந்தது. அடுத்த நொடி அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மற்றக் கை என் நான்கு விரலையும் சேர்த்துப் பின்னால் வளைத்தது. கோப்பை அவள் மடியில் கவிழ்ந்தது. அவள் துள்ளி எழுந்தாள். விரலை மட்டும் விடவில்லை.

“இந்தக் கைய சுட்டும் உனக்குப் புத்தி வரல்லியா, சனியனே?”

 தேத்தண்ணி அவள் சேலையிலிருந்து தரையில் சொட்டியது. மிஸ் எழுந்துவந்து, மெதுவாக, அத்தையின் விரல்களை என் கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“எப்ப சுட்டீங்க?” என்று கேட்டார்.

“நானா? நான் எங்க மிஸ்... அது அவளா... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“எப்ப?”

“அது அப்ப... சின்ன வயசுல... மழக்காலம்...”

நான் குறுக்கிட்டேன். “திகதி சொல்லுங்க அத்தே. திகதி தெரியாம எப்படி எழுதுறது?”

கதவருகில் நின்ற உத்தியோகத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அத்தைக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் முதல் தடவையாக உண்மையான கோபம் வந்தது. அதற்குப் பின்னால் உண்மையான பயமும் வந்தது. அந்த இரண்டையும் நான் நின்று, நிதானமாக, முழுவதும் பார்த்தேன். அவளை வெளியே கூட்டிக்கொண்டு போகும்வரை பார்த்தேன்.

பிறகு மிஸ் என் விரல்களை அசைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. பென்சிலைத் தந்தார்.

“உங்க பேர எழுதுங்க.”

இடது கையால் எழுதினேன். எழுத்து நேராக நின்றது. போன தடவை நான் வரைந்த கோணல் வீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“வேணும்னுதானே அந்தக் கையால குடுத்தீங்க?”

“ஆமா மிஸ்.”

அதை அவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மிஸ் சொல்லாமல் மில்லுக்கு வந்துவிட்டார். நானும் அக்காவும் சண்டையின் நடுவில் இருந்தோம். நான் மல்லியை அளவுக்கு மேல் வறுத்துவிட்டேன் என்று அக்காவும், அடுப்பை அணைக்கச் சொன்னதே நான்தான் என்று நானும். மிஸ் சாக்கின் மேல் உட்கார்ந்து இரண்டு தடவை தும்மிவிட்டு வேடிக்கை பார்த்தார். நான் இடது கையால் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், யோசிக்காமலே. அவர் வாங்கிக்கொண்டார்.

அக்கா உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டார்: “ஏன் அக்காகிட்ட மட்டும் இவ்வளவு கோபம்?”

“அவங்க அடிக்க மாட்டாங்கல்ல.”

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். மிஸ் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “படத்துல ஆஸ்பத்திரியில இருந்த புள்ளைய பாக்க யாரு வருவாங்க?” என்று கேட்டார்.

“அக்காதான். மறந்துட்டு, லேட்டா வருவாங்க.”

ஆவணியில் நீதவான் முடிவு சொன்னார். பதினெட்டு வயதுவரை மில் வீடு. அத்தை என்னைச் சந்திப்பதற்கும் தடை. பொலிஸில் பழைய முறைப்பாட்டை மறுபடி திறந்தார்கள். அவள் பலமுறை அலைந்தாள். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் ரத்தோட்டையிலிருந்து பஸ் பிடித்து, வெயிலில் காத்துக்கிடந்து, திரும்பிப் போனாள் என்று லயத்து ஆட்கள் சொன்னார்கள். எந்தெந்தக் கிழமைகளில் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்த அன்று நன்றாகத் திட்டினார்.

“வேணும்னே செஞ்சியாமே. கொதிக்கிற தண்ணி கொட்டியிருந்தா?”

“கொட்டிச்சு.”

“உன் மேலடி.”

“என் மேல கொட்டல்ல.”

“கொழுப்பு,” என்றார். பிறகு, “போறதுக்கு ஆசன்னு நெனச்சிட்டேன்,” என்றார்.  கொப்பி அந்த வாரம்தான் வந்தது.

மன்னித்தால் மனம் லேசாகும் என்று நான் படித்த பல புத்தகங்களில் இருக்கிறது. கோயிலில் சொல்கிறார்கள், மிஸ்கூட ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். என் மனம் லேசாக வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அதன் கனம் எனக்குப் பழகிவிட்டது. அதை வைத்துக்கொண்டே படித்தேன், வேலைக்குப் போனேன், சிரிக்கவும் செய்கிறேன்.

சுட்ட நாளின் திகதியும் பிறகு கிடைத்தது. சாதாரண தரப் பரீட்சை முடித்துப் பாடசாலை மாறும்போது என் பழைய தடுப்பூசி அட்டையைத் தந்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லாம் வந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள். எந்தக் கையால் எழுதுவாய் என்று நர்ஸ் கேட்டார். இடது என்றேன். அப்படியானால் வலது தோளில் போடுவோம் என்றார். வலது தோள் வீங்கிக் கையைத் தூக்க முடியாமல் போனதால்தான் அன்று மாலை அத்தைக்கு இடது கையால் தேத்தண்ணி கொடுத்தேன். அட்டையில் திகதி தெளிவாக இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. யாருக்கு அது தேவையோ அவளுக்கு வேறு விதமாகக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நான் டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் மில்லின் முன்பக்கம் தராசடியில் உட்காருவேன். அக்காவுக்கு முழங்கால் வலி. போன வருடம் தீபாவளி கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, சாமான் பையோடு அத்தை வந்து நின்றாள். ரத்தோட்டைப் பக்கத்து மில் பழுதாகிக் கிடந்தது. இது எங்கள் மில் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துதான் வந்தாளா, வேறு வழியில்லாமல் வந்தாளா என்று நான் கேட்கவில்லை. முடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பையை இறுக்கிப் பிடித்தாள்.

“கொச்சிக்கா அரைக்கணும்,” என்றாள்.

வாங்கி நிறுத்தேன். கூட்டம் அதிகம், எல்லோரும் வைத்துவிட்டுப் போய்ப் பிறகுதான் வந்து எடுத்தார்கள்.

“எப்ப வரட்டும்?”

திகதியைச் சொன்னேன். அந்தத் திகதியை. அது அடுத்த வாரத்தில் ஒரு வேலைநாளில் விழுந்தது. அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது வெறும் ஒரு நாள். அன்று என்ன நடந்தது என்று அவள் முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, பிறகு ஒருவித நிம்மதியாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடுவாளோ என்று கொஞ்சம் பயந்திருந்தேன்.

அந்த நாளில் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். மழை பெய்தது. அவள் நனைந்துகொண்டு வந்தாள். அரைத்த தூளை நானே பையில் கட்டி வைத்திருந்தேன். சூடு ஆறியிருக்கவில்லை. அதை எடுத்து இடது கையால் நீட்டினேன். தழும்பு மறையாதபடி சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தேன்.

அவள் பையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நான் நீட்டியபடியே இருந்தேன். இந்த முறை பயமாக இல்லை. அவள் இரண்டு கையையும் நீட்டி, தலையைக் கொஞ்சம் குனிந்து, வாங்கிக்கொண்டு போனாள்.

உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் குரல் வந்தது. “வலது கையில என்னாடி வச்சிருக்க?”

“ஒண்ணுமில்ல.”

“நல்லா இருக்குடி உன் ஒண்ணுமில்ல,” என்றார். “சோறு ஆறுது. அடுத்த ஆள அனுப்பிட்டு வா.”

அடுத்தவரின் மல்லியை நிறுத்தேன்.